உள்ளங்கையில் வெள்ளை விஸ்கி

அக்டோபர் 2, திங்கள்

ஜனவரியில் மருந்துக்கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த டைரி இது. ஒன்பது மாதத்தில் இதில் நான் எழுதியது மூன்றே விஷயம்: சிலிண்டர் மாற்றிய தேதி, கடைவாய்ப்பல் பிடுங்கிய தேதி, நாத்தனார் செலின் இனி என்னோடு பேசப்போவதில்லை என்று அறிவித்த தேதி. (நாலு மணி நேரம் தாக்குப்பிடித்தார்.) இன்று முதல் ஒழுங்காக எழுதலாம் என்று இருக்கிறேன். காரணம் ஒன்றும் கிடையாது.

இன்று காந்தி ஜெயந்தி. புதுச்சேரியில் மதுக்கடைகள் பூட்டிக்கிடக்கும் அபூர்வமான நாள். இந்த நாளாகப் பார்த்து, விஸ்கி காய்ச்சுகிற ஒரு மனிதர் எங்கள் நெல்லித்தோப்பு வீட்டைத் தேடிவந்து என் வீட்டுக்காரர் எதுவாருக்கு வேலை கொடுத்துவிட்டுப் போனார்.

பெயர் தேவநாதன். நாற்பது வயதிருக்கும். பாகூர் பக்கம் சின்னதாக ஒரு ஆலை கட்டியிருக்கிறாராம். "எதுவார் அண்ணே, மெஷின் வந்துடுச்சு, பார்லி வந்துடுச்சு. மூக்குதான் இன்னும் வரல" என்றார்.

எதுவாரின் மூக்கு ஊருக்கே தெரியும். ஊதுவத்திக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் வாசனைக் கலவை போட்டவர். தெருமுனையில் சைக்கிளை நிறுத்தும்போதே ரசத்தில் பெருங்காயம் கூடிவிட்டது என்பார். அந்த மூக்குக்கு நேர் கீழே ஒரு வாய் இருந்ததுதான் பிரச்சினை. சந்தனக் கலவையில் கற்பூரத்தைக் கவிழ்த்த அன்றைக்குக் கம்பெனி அவரை அனுப்பிவிட்டது. அப்புறம் மூன்று வருடம் நான் எழுத விரும்பாதவை. அப்புறம் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை காலை, தானாகவே நிறுத்தினார். ஐந்து வருடம் ஆகிறது.

"மோந்து பாக்குறதுதான் வேலை, ரோசாலி. குடிக்கிற வேலை இல்ல" என்றார் என்னிடம்.

"சரிங்க" என்றேன். ரொம்ப இயல்பாகத்தான் சொன்னேன். வந்தவருக்குக் காபி போட்டேன். அவர் போன பிறகு மிச்சத்தை வாயில் வைத்தால், சர்க்கரைக்குப் பதில் உப்பு. அந்த மனிதர் டம்ளரை வழித்துக் குடித்துவிட்டு "பிரமாதம்கா" என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அக்டோபர் 9, திங்கள்

முதல் நாள் வேலை. ஆறு மணிக்கு வந்தார். டிபன் பாக்ஸைக் கழுவப் போட்டேன். சட்டையைத் துவைக்கப் போடும் முன் கறை ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். ஐம்பத்தொரு வயதில் என் கண் சுமார்தான், அதனால் சட்டையைக் கொஞ்சம் கிட்டே வைத்து, மூக்குப் படுகிற தூரத்தில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. வறுத்த தானிய வாசனை. வேறொன்றும் இல்லை. கறையும் இல்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

கறை இல்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

விவிக்கத்துக்குப் பழம் ஊறப்போட்டேன். ரவையில் செய்கிற எங்கள் ஊர்க் கிறிஸ்துமஸ் கேக் அது. திராட்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல், முந்திரி எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, இரண்டு மாதம் ரம்மில் ஊறவைப்பது வழக்கம். ஐந்து வருடமாக எங்கள் வீட்டில் மட்டும் ஆரஞ்சு ஜூஸ். புளித்துப்போகாமல் இருக்க ஜாடியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை எடுத்துக் கிளறுவேன்.

பூசை முடிந்து நேராக இங்கே வந்த செலின் அண்ணி ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இந்த வருசமும் காய்ச்சல்காரனுக்குக் குடுக்கற கேக்குதானா?"

"ஆமா அண்ணி."

"இன்னா மே நீ! புருசன் விஸ்கி கம்பெனியில. பொண்டாட்டி ஜூஸ் ஊத்துறா. ஊர்ல சொன்னா சிரிப்பாங்க."

"நீங்க சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியப்போவுது?"

"நான் யார்கிட்ட சொல்றேன்!" என்றார். அதற்குள் கோயில் வாசலில் பதினோரு பேரிடம் சொல்லியிருந்தார் என்பது பன்னிரண்டாவது ஆள் மூலம் தெரிந்தது.

அக்டோபர் 27, வெள்ளி

இன்று சாப்பிடும்போது எதுவார் வேலையை விளக்கினார். பார்லியை முளைகட்டி, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, புளிக்கவிட்டு, செம்புப் பானையில் இரண்டு தடவை காய்ச்சுகிறார்கள். இரண்டாவது தடவை வருவதுதான் சரக்கு. அதில் முதலில் ஒழுகுவது தலை. நகப்பூச்சு அழிக்கிற திரவம் மாதிரி நாறுமாம், ஆகாது. கடைசியில் வருவது வால். நனைந்த அட்டைப்பெட்டி வாடை, அதுவும் ஆகாது. நடுவில் வருவது மட்டும்தான் பீப்பாய்க்கு. எங்கே தலை முடிகிறது, எங்கே வால் ஆரம்பிக்கிறது என்று சொல்ல அளவுமானி இருக்கிறது. ஆனாலும் கடைசி வார்த்தை மூக்குடையது.

இதைச் சொல்லும்போது சாம்பார் சாதத்தைப் பிசைந்த கை அப்படியே நின்றது. கல்யாணத்துக்கு என்னைப் பார்க்க வந்தபோதுகூட அந்த முகத்தில் இத்தனை வெளிச்சம் இல்லை.

"நான் ஒருநா வந்து பாக்கவா?" என்றேன்.

"எதுக்கு? சட்டையில கறை படுதான்னா?" என்றார்.

எதற்காக அப்படிக் கேட்டார் என்று புரியவில்லை. மோர் ஊற்றினேன்.

நவம்பர் 5, ஞாயிறு

போய்ப் பார்த்துவிட்டேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கேலிக்கு இன்று ஒன்றும் அகப்படவில்லை, அதனாலேயே எனக்கு உடம்பு சரியில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது.

ஆலை என்றதும் கரியும் கூச்சலுமாக ஏதோ நினைத்திருந்தேன். கோயில் மாதிரி இருந்தது. நடுவில் செம்புப் பானை. இரண்டு ஆள் உயரம், அன்னக் கழுத்து. அதன் வளைவில் எங்கள் எல்லோர் முகமும் நீளமாகத் தெரிந்தது. செலின் அண்ணியைக் கூட்டிவரவில்லையே என்று ஒரு கணம் வருத்தப்பட்டேன்; அதில் அவர் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

பானையின் கடைசியில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு குழாயிலிருந்து விரல் பருமனுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. விஸ்கி என்றால் பழுப்பு என்றுதானே நினைத்திருக்கிறோம்? எங்கள் வீட்டு அரிசி டிரம்மிலும் ஃப்ளஷ் டேங்கிலும் நான் கண்டெடுத்ததெல்லாம் அந்த நிறம்தான். இது தண்ணீர். ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீர். நிறமெல்லாம் மரப்பீப்பாய் மூன்று வருடத்தில் கொடுப்பதாம். பிறக்கும்போது அதற்கு ஒரு பாவமும் தெரியாது போலிருக்கிறது.

எதுவார் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றார். ஒரு சின்னக் கிண்ணத்தில் பிடித்து, உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு, இரண்டு கையையும் தேய்த்து முகத்துக்குக் கொண்டுபோனார். சாராயம் பறந்துபோகும், கையில் நிற்பதுதான் நிஜமான சரக்கு என்பது கணக்கு. வேலையாட்கள் மூன்று பேர், தேவநாதன், நான், எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னும் இல்ல."

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பிடித்தார்.

"இன்னும் இல்ல."

அந்தக் கைகள் நடுங்கி நான் பார்த்திருக்கிறேன். சட்டைப் பொத்தான் போடத் தெரியாமல், நான் போட்டுவிட்ட கைகள். இப்போது திருப்பலியில் சாமியார் அப்பத்தைத் தூக்கும்போது இருக்குமே, அந்த நிதானம்.

"இப்போ" என்றார்.

ஒருவர் குழாயைத் திருப்பினார். அவ்வளவுதான். தலை முடிந்து நடு ஆரம்பித்துவிட்டது.

தேவநாதன் ஒரு கிளாஸில் கொஞ்சம் பிடித்து நீட்டினார். "ஒரே ஒரு வாய், அண்ணே. துப்பிடுங்க."

"வேணாம் தம்பி."

"செஞ்ச ஆளு ருசி பாக்காம எப்பிடி?"

"நீங்க பாருங்க."

தேவநாதன் குடித்தார். "பிரமாதம்" என்றார். உப்புக் காபிக்கும் இதையேதான் சொன்னார்.

எதுவார் என் பக்கம் திரும்பவில்லை. கைகளை மறுபடியும் முகத்துக்குக் கொண்டுபோனார், கொஞ்சம் அதிக நேரம். நான் பானையின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. பக்கத்து வீட்டு அதிரசம், பல்லுக்கு ஆகவில்லை. கறை இல்லை.

நவம்பர் 16, வியாழன்

மழை. எதுவாருக்குச் சளி. மூக்கு ஒழுக ஒழுக வேலைக்குப் போனார். ஆலையில் நாலாவது சரக்குக் காய்ச்சல் இன்றைக்கு இருக்கிறதாம், நிறுத்த முடியாதாம். திரும்பி வந்து தன் உள்ளங்கையையே முகர்ந்துகொண்டிருந்தார். ஆவி பிடிக்க வெந்நீர் போட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 20, திங்கள்

வந்ததும் நேராகக் குளிக்கப் போனார். சட்டையையும் உள்ளேயே எடுத்துக்கொண்டு போய், சோப்புப் போட்டு அலசி, கொடியில் போட்டுவிட்டார். நல்ல பழக்கம். எத்தனை பெண்கள் இப்படி ஒரு புருஷனுக்கு ஏங்குகிறார்கள்.

ஃப்ளஷ் டேங்கின் மூடியில் தூசி இருந்தது. துடைத்தேன். துடைக்கும்போது மூடி தானாக நகர்ந்தது. உள்ளே தண்ணீர் மட்டும்.

நவம்பர் 21, செவ்வாய்

அரிசி டிரம்மில் வண்டு இருக்கிறதா என்று கை விட்டுப் பார்த்தேன். இல்லை.

நவம்பர் 22, புதன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சாயங்காலம் வந்து, சமையலறையில் பையை வைத்துவிட்டு, பால் வாங்கிவருகிறேன் என்று திரும்பவும் போனார். வாரத்துக்கு ஒருமுறை கிளறுவதற்காக நான் பழ ஜாடியைத் திறந்து மேடையில் வைத்திருந்தேன். சாப்பாட்டுப் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுக்கக் கை விட்டேன். பையின் அடியில், துண்டில் சுற்றி, இருமல் மருந்து அளவுக்கு ஒரு பாட்டில். மூடியைத் திருகினேன். தண்ணீர் மாதிரி இருந்தது. தண்ணீர் இல்லை.

அதற்கப்புறம் நான் யோசித்தேன் என்று எழுதினால் பொய். மூன்று வருடத்தில் எத்தனை பாட்டில் கவிழ்த்திருப்பேன்! எங்கள் வீட்டுச் சாக்கடையில் கொசுகூடத் தள்ளாடித்தான் பறந்தது. கைக்கு அந்த வேலை மறக்கவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பினேன். வாசலில் கேட் சத்தம். பக்கத்தில் திறந்திருந்த வாய் ஜாடியுடையதுதான். கவிழ்த்தேன். பாட்டிலைக் கழுவி, மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன்.

அவர் பாலை வைத்துவிட்டு நேராகப் பையை எடுத்தார். துண்டை உதறினார்.

"ரோசாலி, இதுல ஒரு பாட்டில் வச்சிருந்தேனே, பாத்தியா?"

"இல்லையே" என்றேன். கரண்டியால் பழத்தைக் கிளறிக்கொண்டே சொன்னேன். சரளமாக வந்தது.

அவர் சட்டைப்பையைத் தடவினார். சைக்கிள் கூடையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளங்கையை வாயருகே வைத்து ஊதி, தன் மூச்சைத் தானே முகர்ந்தார். சளியில் ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. என்னைக் கூப்பிட்டார்.

"ரோசாலி, இங்க வா. நான் ஊதுறேன். வாடை அடிக்குதா பாரு."

"எதுக்குங்க?"

"வழியில நானே குடிச்சிட்டேனோ என்னவோ. முன்னெல்லாம் அப்பிடித்தான, ஞாபகமே இருக்காது." குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. "பாரு. பயமா இருக்கு."

கரண்டி ஜாடிக்குள் விழுந்துவிட்டது.

"நான்தாங்க ஊத்திட்டேன். இதுல. நான்தான்."

அவர் என்னையும் ஜாடியையும் பார்த்தார். கத்துவார் என்று நின்றேன். நியாயமாகக் கத்தியிருக்க வேண்டும்.

"நீயா ஊத்துன?" என்றார். "நல்லவேளை." இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பா! நல்லவேளை."

அப்புறம்தான் சொன்னார். நாலாவது காய்ச்சலில், சளிமூக்கோடு வால் ஆரம்பித்ததைக் கொஞ்சம் தாமதமாகப் பிடித்துவிட்டோமோ என்று சந்தேகம். வால் கலந்திருந்தால் கசப்பு. டிசம்பர் எட்டாம் தேதி பீப்பாய் நிரப்புகிறார்கள். உள்ளே போய்விட்டால் மூன்று வருடம். முதல் பீப்பாய்களே கெட்டுப்போனால் தேவநாதனுக்கும் ஆலை இருக்காது, இவருக்கும் வேலை இருக்காது. ஒரு வாய் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தேவநாதன் தினமும் கெஞ்சுகிறார்.

"வாய்கிட்ட கொண்டுபோயிட்டேன், திங்கக்கிழம" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "கிளாஸு உதட்டுல பட்டுது. வச்சிட்டேன். சட்டையில சிந்திடுச்சு. நீ கறை பாப்பியேன்னு நானே துவைச்சிட்டேன்."

ஜாடிக்குள் விழுந்த கரண்டியை எடுத்துத் துடைத்தேன்.

"அதான் உனக்காகக் கொண்டுவந்தேன். நீ ஒரு சொட்டு நாக்குல வச்சு சொன்னா நான் நம்புவேன். தேவநாதன் நாக்கு நாக்கே இல்ல."

"எனக்கா? நான் இன்னிக்கு வரைக்கும் தொட்டதே இல்லியே!"

"அதுக்குத்தான்."

நவம்பர் 23, வியாழன்

ஜாடியிலிருந்து ஒரு திராட்சையை எடுத்துத் தின்று பார்த்தேன். இத்தனை நாள் ஜூஸில் ஊறி அசடு வழிந்துகொண்டிருந்த திராட்சை, ஒரே நாளில் பட்டணம் போய்த் திரும்பிய பெண் மாதிரி நடந்துகொள்கிறது. ஆனால் ஆரஞ்சு மறைப்பதால் கசப்பு இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இந்த ஜாடி செலின் அண்ணிக்கு என்று சீட்டு ஒட்டிவிட்டேன். எங்களுக்கு வேறு பழம், வேறு ஜூஸ்.

நவம்பர் 26, ஞாயிறு

பூசையில் நன்மை அப்பம் வாங்கிய அதே நாக்கோடு போனேன். மாதாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், இது ஆபீஸ் வேலை என்று.

மேஜையில் இரண்டு கிளாஸ். ஒன்று மூன்றாவது காய்ச்சல், ஒன்று நாலாவது. தண்ணீர் நிறையக் கலந்திருந்தார்கள். தேவநாதன் பயந்துபோய் நின்றார். எதுவார் ஜன்னல் பக்கம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

மூன்றாவதை ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் விட்டேன். முதலில் நெருப்பு. இதற்காகவா மனிதர்கள் வீடு வாசலை விற்கிறார்கள் என்று எழுந்து போய்விடத் தோன்றியது. பிறகு நெருப்பு விலகிக்கொண்டது. விலகிய இடத்தில் ஏதோ வந்து உட்கார்ந்தது.

"சொல்லு" என்றார் எதுவார்.

"இருங்க. ராகியை முளைகட்டிக் காயவச்சு வறுப்போமே, அது. அப்புறம் பேரிக்காய். பழுத்தது இல்ல, காய். அப்புறம்…" எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, காரத்தினால்தான். "விவிக்கத்துக்கு ரவையை நெய்யில வறுத்து இறக்குவோமே, அந்த நிமிசம். இன்னும் சர்க்கர போடல."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டினார், ஊரிலிருந்து வந்த கடிதத்தை யாரோ படித்துக்காட்டுவது மாதிரி.

வாய் கொப்பளித்துவிட்டு நாலாவது. அதே ராகி, அதே பேரிக்காய். நன்றாகத்தான் இருந்தது. விழுங்கினேன். மனதுக்குள் எண்ணினேன். ஐந்து வந்தபோது நாக்கின் வேரில் அது எட்டிப்பார்த்தது.

தேவநாதன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிரமாதம்தானேக்கா?"

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. எல்லோருக்கும் சந்தோஷம். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் எத்தனை தடவை "ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லியிருப்பேன். எதுவார் ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார்.

"கசக்குது" என்றேன். "கருகின வெந்தயம்."

"எப்போ?"

"முழுங்கி அஞ்சு எண்ணுனப்புறம்."

"நெனச்சேன்" என்றார். அவமானப்பட்ட முகம் இல்லை அது. தொலைந்த சாவி கிடைத்த முகம். "தம்பி, நாலாவது பீப்பாய்க்கு வேணாம். அடுத்த காய்ச்சலோட சேத்து மறுபடி பானையில ஊத்திடலாம். மூணு பீப்பாய்தான் வரும். வரட்டும்."

தேவநாதன் உட்கார்ந்துவிட்டார். பிறகு நாலாவது கிளாஸை எடுத்துக் குடித்து, கை விரலால் ஐந்து எண்ணினார்.

"எனக்கு இன்னா எழவோ, பிரமாதமாத்தான் இருக்கு" என்றார். "செரி. அக்கா சொன்னா செரி."

டிசம்பர் 3, ஞாயிறு

சீட்டு ஒட்டிய ஜாடிப் பழத்தில் விவிக்கத்தை முன்னதாகவே சுட்டு செலின் அண்ணிக்கு அனுப்பினேன். போன் வந்தது. "இன்னா மே போட்ட இதுல? ரெண்டு துண்டு தின்னேன், செத்துப்போன எங்கப்பா ஞாபகம் வந்து அழுதுட்டேன்." பிறகு, குரலைத் தாழ்த்தி, "இன்னொரு துண்டு இருக்குமா?"

டிசம்பர் 8, வெள்ளி

அமலோற்பவ மாதா திருநாள். பீப்பாய் நிரப்பினார்கள்.

வெள்ளை வெளேரென்று அது மரத்துக்குள் இறங்கியது. கிணற்றில் வாளி இறங்குகிற சத்தம். மூன்றாவது பீப்பாய்க்குத் தேவநாதன் மரத்தக்கையை வைத்து, சுத்தியலை எதுவாரிடம் கொடுத்தார். அவர் ஓங்குவதற்கு முன், கடைசியாகக் கிண்ணத்தில் கொஞ்சம் பிடித்து, உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தார். முகத்துக்குக் கொண்டுபோவார் என்று பார்த்தேன். என் முன்னால் நீட்டினார்.

"ரெண்டு மாசமா சட்டையத்தான மோந்து பாத்த. இந்தா, கை."

வேலையாட்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கறைதான் பார்த்தேன் என்று வாதாட வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். அந்தக் கைகளைப் பிடித்து, முகத்தை உள்ளே வைத்தேன். சாராயம் பறந்துவிட்டிருந்தது. ராகி இருந்தது. ரவை இருந்தது. அடியில், இருபத்தெட்டு வருடமாக எனக்குத் தெரிந்த அவர் கை இருந்தது. ஆடாமல் இருந்தது.

"எப்பிடி இருக்கு?" என்றார்.

பிரமாதம் என்று மட்டும் சொல்லக் கூடாது என்று தேடினேன். வேறு சொல் கிடைக்கவில்லை.

டிசம்பர் 9, சனி

காலையில் மழை விட்டது. சிலிண்டர் மாற்றினேன். எங்களுக்கான விவிக்கத்துக்கு ரவை வாங்க வேண்டும்.

துணி துவைத்தேன். அவர் சட்டையை நேராக வாளியில் போட்டேன்.